காலி என்று நம்பாதீர்கள், திறந்து பாருங்கள்

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்துவிட்டது என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களின் உள்பக்கத்தில் வருகிறது. துடைப்பதால் எந்தத் துப்பாக்கியும் வெடிப்பதில்லை. உள்ளே ஒரு தோட்டா இருந்திருக்கும். இல்லை என்று வைத்திருந்தவர் எண்ணியிருப்பார். விசையில் விரல் பட்டிருக்கும். தோட்டக் காவலுக்கு 0.315 ரைஃபிள் வைத்திருப்பவர், வங்கி வாசலில் நிற்கும் காவலர், ரைஃபிள் கிளப்பில் பழகும் மாணவர் என உரிமம் பெற்ற துப்பாக்கியைக் கையாளும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

முதலில் காலி செய்யுங்கள்

குழலை ஆளில்லாத, பாதுகாப்பான திசையில் வையுங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். முதலில் மேகஸினைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டைப் பின்னுக்கு இழுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகஸினைக் கழற்றாமல் போல்ட்டை இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். போல்ட்டை மூடும்போது மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா ஏறிவிடும். மேகஸினை மட்டும் கழற்றினாலும் போதாது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பரில் ஒன்று தங்கியிருக்கலாம். அதனால் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். துடைக்கும் இடத்தில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. வேறொருவர் "காலிதான்" என்று சொல்லிக் கொடுத்தாலும் மறுபடி சரிபாருங்கள்.

குழலைத் துடைக்கும்போது

போல்ட் ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து வாய்ப்பக்கமாகத் துடைக்கும் ராடைச் செலுத்துங்கள். வாய்ப்பக்கமிருந்து குத்தினால் குழலின் விளிம்பு தேய்ந்து குறி கெடும். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பழக்கமான, துணி கட்டி இழுக்கும் புல்த்ரூ கயிற்றையும் இதே திசையில்தான் இழுக்க வேண்டும்.

கரைப்பான் திரவத்தின் ஆவி மூச்சுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழலில் படியும் கரியில் ஈயம் உண்டு. சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எண்ணெய்த் துணிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

கடைசியில் போல்ட் இல்லாத நிலையில் பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே தங்கிய துணித்துண்டோ, நெடுநாள் எடுக்காத துப்பாக்கியில் குளவி கட்டிய மண்ணோ இருந்தால், சுடும்போது குழலே வெடித்துச் சிதறலாம். தோட்டா சிக்கியிருந்தால் இன்னொன்றைச் சுட்டு வெளியே தள்ள ஒருபோதும் முயலாதீர்கள்; உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

குறி சரிசெய்யும்போது

வீட்டுக் கொல்லையும் தென்னந்தோப்பும் குறியைச் சரிசெய்யும் இடங்கள் அல்ல. சின்னது என்று கருதப்படும் 0.22 தோட்டாகூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். அனுமதி பெற்ற ரேஞ்சில், கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்து, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுங்கள். ஒரே குண்டைப் பார்த்து, குறியைச் சரிசெய்யும் திருகைத் திருப்பாதீர்கள். மூன்று முதல் ஐந்து குண்டுகள் எங்கே கூடி விழுகின்றன என்று பாருங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள்; முன் சைட் என்றால் எதிர்ப்பக்கம். கிளிக்குக்குக் கால் மினிட் கோணம் நகரும் ஸ்கோப்பில் ஒரு கிளிக், 100 மீட்டரில் குண்டைச் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும்.

திருகைத் தொடும் முன் துப்பாக்கியைக் காலி செய்து போல்ட்டைத் திறந்து வையுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குறைந்தது 30 விநாடி குழலை இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் துப்பாக்கியை நீங்கள் துடைக்கலாம். ஆனால் அந்த வேலைக்கென உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும், குழலை வெட்டிக் குறுக்குவதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. அதே திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி துப்பாக்கியை அலட்சியமாகப் பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் காயம் படவில்லை என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது.

உங்கள் உரிமைகள்

உரிமம் மறுக்கப்பட்டாலோ, நிறுத்திவைக்கப்பட்டாலோ, ரத்தானாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. உங்கள் தரப்பைக் கேட்காமல் அதை முடிக்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது துப்பாக்கியைக் காலி செய்து கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உரிமதாரர் இறந்துவிட்டால் குடும்பத்தார் துப்பாக்கியைப் பீரோவிலேயே வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தேவையென்றால் தங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியால் இரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று மருத்துவமனை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

காவலரின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் வங்கிகளும் எஸ்டேட்களும் முதலில் முறையான பயிற்சியைக் கொடுக்க வேண்டும். அது கிடைக்காத காவலர் தயங்காமல் கேட்க வேண்டும். அவர் உயிரும் அருகில் நிற்பவர் உயிரும் அந்தப் பயிற்சியை நம்பியே இருக்கின்றன.