மூளை இன்னும் காவலில்

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு வெடிக்கிறது. ஊரே சாமியைப் பார்த்துக் கும்பிடுகிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர் மட்டும் சுவரோரம் ஒதுங்குகிறார். சட்டை வியர்வையில் நனைந்துவிடுகிறது. "எல்லையில நின்ன ஆளுக்கு வேட்டுச் சத்தம்னா பயமா?" என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அறிவியலிடம் பதில் இருக்கிறது: போர்முனையில் அவர் உயிரைக் காத்த மூளை, ஊர் திரும்பிய பிறகும் காவலை விடவில்லை.

முதல் உலகப் போரின்போது, 1915-ல், இந்த நிலையை 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார் மருத்துவர் சார்லஸ் மயர்ஸ். வியட்நாம் போர் முடிந்தபின், 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றது. இன்று இதன் பெயர் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு). போர் கண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், யாரோடும் ஒட்டாத போக்கு ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கடந்தும் முழு நோயாக வெளிப்படும்.

மூளையில் நடப்பது

ஆபத்தை மோப்பம் பிடிப்பது அமிக்டலா. 'இது அன்று நடந்தது, இன்று இல்லை' என்று நினைவுக்கு இடமும் காலமும் குறிப்பது ஹிப்போகாம்பஸ். பதற்றத்தை அடக்குவது மூளையின் முன்நெற்றிப் புறணி. இந்த நோயில் முதலாவது மிகையாக வேலை செய்கிறது. மற்ற இரண்டின் பிடி தளர்கிறது. அதனால் பழைய நினைவு, கண்முன் நடப்பதுபோலவே திரும்ப வருகிறது.

பாட்டில் செய்யும் கேடு

தூக்கம் வராதவர் கைக்கு முதலில் எட்டுவது மது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்குக் கேன்டீனில் மாதக் கோட்டாவே உண்டு. குடித்தால் சீக்கிரம் கண் அசரும்; ஆனால் போதை இறங்கும் பின்னிரவில் தூக்கம் கலைந்துபோகும். பயத்தை ஆறவைக்க மூளைக்கு நல்ல தூக்கம் தேவை. அதைத்தான் மது கெடுக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் நம் கள்ளக்குறிச்சி. குடியின் பின்னாலுள்ள வலியை விசாரிக்க வேண்டிய கடமை நமக்குக் கூடுதலாகவே இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சிகிச்சை உண்டு

முதல் மருந்து பேச்சு. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், கண்களை மூடி, அதிர்ச்சி நேர்ந்த அந்த நாளை இப்போது நடப்பதுபோலவே சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும். அதைப் பதிவுசெய்து வீட்டிலும் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 8 முதல் 15 அமர்வுகள். சொல்லச் சொல்ல, நினைவு வேறு, ஆபத்து வேறு என்று மூளை கற்றுக்கொள்கிறது. தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் கைகொடுக்கும்.

வீட்டாருக்கும் வேலை உண்டு. கனவில் அலறுபவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, "என்னங்க, நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று நிதானமாகச் சொன்னால் போதும்.

உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இலவசம், தமிழிலேயே பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது. 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியிலேயே உள்ளது.

ஆனால் மாவட்டத்தின் மலையூரான வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்க்காரர், வாராவாரம் மலையிறங்கி வந்து போவது நடக்கிற காரியமல்ல. எட்டு முதல் பதினைந்து அமர்வுகள் தேவைப்படும் சிகிச்சை, பாதியில் நிற்பது இப்படித்தான். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் குறித்த நாளில் வர வேண்டும். எல்லையில் காவல் நின்றவருக்கு நாடு பட்டிருக்கும் கடனில் இதுவும் சேர்ந்ததே.