ஓட்டின் நிறத்துக்கா காசு கொடுக்கிறோம்?

வானொலியில் உணவைப் பற்றி எந்தத் தலைப்பை எடுத்தாலும் நேயர்களிடமிருந்து தவறாமல் வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: “வெள்ளை முட்டை நல்லதா, பழுப்பு முட்டை நல்லதா?”

சின்னக் கேள்விதான். ஆனால் அதில் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு அடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டு முதல் தேதியோடு மலேசியாவில் முட்டைக்கான அரசாங்க உதவித் தொகை முடிவுக்கு வந்தது. எந்த முட்டைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று யோசித்து வாங்க வேண்டிய காலம் இது.

அண்மையில் ஒரு தாய் தொலைபேசியில் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. வெளிர் நிறமாக இருக்கும் கம்பத்துக் கோழி முட்டையில்தான் சத்து என்று மாமியார் சொல்ல, அதையே வாங்குகிறாராம். விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் ஒரு முட்டையை அவித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி கொடுக்கிறார். சாதாரண முட்டையை வாங்கி ஆளுக்கு ஒன்று முழுதாகக் கொடுக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் கடைகளில் அன்றாடம் விற்பது பெரும்பாலும் பழுப்பு முட்டை. அதனால் இங்கே வெளிர் நிறத்துக்கு மவுசு. தமிழ்நாட்டிலோ நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் அன்றாட முட்டை வெள்ளை. அங்கே பழுப்பைக் கண்டால் ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள்! ஓர் ஊரின் சாதாரண நிறம் இன்னோர் ஊரில் விசேஷமாகிவிடுகிறது.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? கோழியின் இனத்திலிருந்து. வெள்ளை லெகார்ன் கோழி வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டை இடும். சிலி நாட்டு அரௌகானா கோழி நீல முட்டையே இடும்.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது, இயல்பில் வெள்ளை. பழுப்புச் சாயம் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் அதன் மேல் படிகிறது. மஞ்சள் கரு எப்போதோ தயாராகியிருக்கும். வீட்டுக்கு வெளியே அடிக்கும் சாயம் அடுப்படியில் கொதிக்கும் குழம்பை மாற்றுமா?

பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை. பழுப்பு முட்டையைச் சிறிது நேரம் வினிகரில் ஊறவைத்து விரலால் தேயுங்கள். பழுப்பு உரிந்து வந்து, அடியில் வெள்ளை தெரியும்.

ஓட்டை நீக்கியபின் 50 கிராம் இருக்கும் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 70 கலோரி சொச்சமும் உண்டு. பி12, டி வைட்டமின்களும், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலினும் இருக்கின்றன. ஓட்டின் நிறம் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

அப்படியானால் பாட்டிமார் சொன்னதெல்லாம் பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. தோட்டத்து லயத்து வீடுகளின் பின்புறம் திரிந்த கோழி புழு பூச்சி, கீரை, சிந்திய அரிசி என்று கிளறித் தின்றது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுத்தது அந்தக் கோழி இட்ட புது முட்டை.

கோழி தின்பது மாறினால் முட்டையும் மாறும். ஆளிவிதையோ மீன் எண்ணெயோ கலந்த தீவனம் கொடுத்தால் ஒமேகா 3 கூடும். வெயிலில் திரியும் கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி கூடுதலாக இருக்கும். ஆனால் மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். தீவனத்தில் சோளமோ செண்டுமல்லிச் சாறோ சேர்த்தாலே அந்த நிறம் ஏறிவிடும்.

கடையில் என்ன பார்ப்பது? முதலில் எடை. ஏ, பி, சி என்ற தரம் சத்தைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது எடையைத்தான் குறிக்கிறது. ஏ தரம் 65 கிராமுக்குக் குறையாது. பி தரம் 60, சி தரம் 55 கிராமில் தொடங்கும். சில சென் வித்தியாசம்தான் என்றால் பெரிய முட்டையே லாபம். அடுத்து தேதி, விரிசல். பிறகு, கோழி எப்படி வளர்ந்தது, என்ன தின்றது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த முட்டையானாலும் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். காப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டையும், பச்சை முட்டையும் அவர்களுக்கு வேண்டாம்.

கம்பத்து முட்டையின் ருசி பிடித்திருந்தால், கோழி கூண்டுக்கு வெளியே வளர வேண்டும் என்று விரும்பினால், தாராளமாகக் கூடுதல் காசு கொடுங்கள். இரண்டும் நல்ல காரணங்கள்தான். ஓட்டின் நிறத்துக்காக மட்டும் கொடுக்காதீர்கள். உடைத்த மறுநிமிடம் அது குப்பைத் தொட்டிக்குத்தானே போகிறது!