மின்தேக்கி இல்லாத நினைவகம்

கணிப்பொறிக்கு இரண்டு வகையான நினைவு உண்டு. மின்சாரம் நின்றாலும் மறவாதது ஒன்று. நின்ற கணமே எல்லாவற்றையும் மறந்துவிடுவது மற்றொன்று. வேலை நடக்கும்போது மேசைமேல் விரித்துவைத்த நோட்டுப் புத்தகம் போலப் பயன்படுவது இந்த இரண்டாவது வகையே. இதனை 'ராம்' என்பர். பாதி அடித்த கட்டுரையைச் சேமித்துவைக்காவிட்டால் மின்வெட்டின்போது அது மறைந்துபோவதற்கு இதுவே காரணம்.

இன்று நம் வீட்டுக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உள்ள ராம் பெரும்பாலும் 'டி-ராம்' என்னும் வகையாகும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1968இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். மின்தேக்கியை ஒரு குடமாகவும் டிரான்சிஸ்டரை அதன் குழாயாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். குடம் நிறைந்திருந்தால் 1. வெறுமையாக இருந்தால் 0. ஆனால் இது ஓட்டைக் குடம்! நிரப்பிவைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை, அதாவது விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், ஒவ்வொரு குடத்தையும் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். படித்தாலும் குடம் காலியாகிவிடும். படித்தவுடன் திரும்ப ஊற்றியாக வேண்டும். கணிப்பொறி சும்மா இருக்கும் நேரத்திலும் இதற்கு மின்சாரம் செலவாகிறது. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்குக் காத்து நிற்கும் நம் ஊர்க்காரருக்கு இந்த வீண்செலவு சுலபமாக விளங்கும்.

வேறொரு தொல்லையும் உண்டு. சில்லு சிறுக்கச் சிறுக்கக் குடத்தின் வாயையும் சிறிதாக்க வேண்டும். கொள்ளளவையோ அதிகம் குறைக்க முடியாது. எனவே அகலம் குறைந்து உயரம் கூடி, மின்தேக்கி ஊசி போன்ற தூணாகிவிட்டது. இத்தகைய தூண்களை மாடிக்குமேல் மாடியாக அடுக்குவது மிகக் கடினம்.

அப்படியானால் மின்தேக்கியே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். நம் நாட்டிலேயே ஒருமுறை செய்திருக்கிறார்கள். பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டப்பட்டு 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் நினைவகம் சிறுசிறு ஃபெரைட் வளையங்களால் ஆனது. 1962இல் அதற்குப் பெயர் சூட்டியவர் பண்டித நேரு. அது 40 பிட் கொண்ட 2048 சொற்களை நினைவில் வைத்தது. பிட்டுக்கு ஒரு வளையம் என்று கணக்கிட்டால் 81,920 வளையங்கள்! ஆனால் காந்தம் மின்சாரம் போனாலும் மறவாது. ஆதலால் அது முதல் வகையைச் சேர்ந்தது.

மறக்கும் வகையில் மின்தேக்கி வேண்டாதது 'எஸ்-ராம்'. ஒரே பெஞ்சில் இரு தோழியர். ஒருத்தி நின்றால் மற்றவள் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்திருக்கும்வரை இவள் நின்றே ஆகவேண்டும். இவ்விதம் ஒருவர் நிலையை மற்றவர் காத்துக்கொள்கிறார்கள். 1918இல் எக்கிள்ஸ், ஜோர்டான் என்னும் இருவர் வெற்றிடக் குழாய்களைக்கொண்டு செய்த சுற்று இதுவே. கசிவைப் பற்றிய கவலையில்லை, வேகமும் மிகுதி. ஆயினும் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவை. இடமும் விலையும் கூடுவதால் பிராசஸருக்குள் சிறிதளவே வைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. நம் கரிசல் மண்ணைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் பருத்தியையும் கொத்தமல்லியையும் வளர்க்கிறது. தனியாகத் தொட்டி கட்டவில்லை, மண்ணே தொட்டி. அதைப் போலவே டிரான்சிஸ்டருக்கு அடியில் சிலிக்கான் டை ஆக்சைடு என்னும் காப்பு அடுக்கை வைத்துவிட்டால், மின்னூட்டம் கீழே இறங்க வழியின்றி டிரான்சிஸ்டரின் உடலிலேயே சிறிது நேரம் தங்கும். தங்கியிருந்தால் மின்னோட்டம் கூடும், இல்லையேல் குறையும். அதை வைத்து 1, 0 என்று அறியலாம். சுவிட்சர்லாந்தில் தோன்றிய 'இசட்-ராம்' இத்தகையது. 2006இல் ஏ.எம்.டி. நிறுவனம் அதற்கு உரிமம் வாங்கியும் அதன் பிராசஸர்களில் அது இடம்பெறவில்லை. வெயிலில் கரிசல் காய்ந்து வெடிப்பதுபோல, சில்லு சூடேறினால் இந்த உடலும் மின்னூட்டத்தை விரைவில் இழந்துவிடும்.

இப்போது ஆராய்ச்சியாளர்கள் பழைய வழிக்கே திரும்பியிருக்கிறார்கள். 1970இல் வந்த இன்டெல் 1103 சில்லில் பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர்கள்; தனி மின்தேக்கி இல்லை. ஒரு டிரான்சிஸ்டரின் 'கேட்' என்னும் வாயிலே மின்னூட்டத்தைத் தாங்கியது. பெல்ஜியத்தின் ஐமெக் ஆராய்ச்சி நிலையம் இதே கருத்தை எடுத்து, மூன்றை இரண்டாக்கி, சிலிக்கானுக்குப் பதில் இண்டியம், காலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடைப் பயன்படுத்தியது. தொலைக்காட்சித் திரைகளில் ஏற்கெனவே உள்ள பொருள்தான் அது. கசிவு மிக மிகக் குறைவு. 2020இல் அவர்கள் காட்டிய நினைவுக் கலம் மின்னூட்டத்தை 400 விநாடிக்கு மேல் காத்தது. 64 மில்லி விநாடியோடு ஒப்பிட்டால் ஆறாயிரம் மடங்குக்கும் அதிகம்! மேலும், இதனைத் தாழ்ந்த வெப்பத்திலேயே படியவைக்கலாம். ஆகவே மாடி மாடியாக அடுக்கவும் வழி உண்டு.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஹைட்ரஜன் பட்டால் இந்த ஆக்சைடின் குணம் மாறிவிடும். சில்லு செய்யும் தொழிற்சாலையிலோ ஹைட்ரஜன் பல கட்டங்களில் நுழைகிறது. அதைத் தடுக்கும் அடுக்குகளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.