ஓட்டுநர் இல்லாத ஊர்தியும் மக்கள் நம்பிக்கையும்

மாணவ மாணவியரே,

ஓட்டுநர் இல்லாமல் தானே இயங்கும் ஊர்தியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் பொறி நுட்பம் முழுவதையும் விரித்துரைப்பது என் நோக்கமன்று. மக்கள் அதனை ஏற்பார்களா, எவற்றைக் கேட்டறிந்த பின் ஏற்கவேண்டும், இதுநாள்வரை பயணமே அரிதாக இருந்தவர்களுக்கு அதனால் பயன் உண்டா என்பவற்றை ஆராய்வதே நோக்கம்.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. தேர் செலுத்துபவனைப் பழந்தமிழர் வலவன் என்றனர். புறநானூற்றின் 27ஆம் பாட்டில், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், நல்வினை முடித்தோர் வலவன் செலுத்தாத ஊர்தியில் விண்ணுலகு செல்வர் என்னும் கருத்தைக் கூறுகிறார். விண்ணுக்குச் செல்லும் ஊர்தியைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பவில்லை. அதே ஊர்தி நம் கடைத்தெருவுக்கு வரும் என்றவுடன்தான் ஐயங்கள் எழுகின்றன. அவை எழுவது நியாயமே.

இவ்வூர்தி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன். ஓட்டுநர் ஒருவர் நான்கு செயல்களை இடையறாது செய்கிறார். சுற்றிலும் உள்ளவற்றைக் காண்கிறார். தாம் எவ்விடத்தில் இருக்கிறோம் என்பதை அறிகிறார். எதிரே வருவோர் அடுத்து என்ன செய்வர் என்பதை ஊகிக்கிறார். அதற்கேற்பத் திருப்பவோ நிறுத்தவோ முடிவு செய்கிறார். தானியங்கும் ஊர்தியில் கேமராக்களும், ரேடாரும், ஒளிக்கதிரை வீசித் தொலைவை அளக்கும் லைடார் என்னும் கருவியும் கண்களாக அமைகின்றன. செயற்கைக்கோள் குறிப்பும் நுட்பமான வரைபடமும் இடத்தை அறிவிக்கின்றன. ஊகிப்பதும் முடிவு செய்வதும் கணினியின் பணி. பொறியாளர்கள் இத்தானியக்கத்தைச் சுழியம் முதல் 5 வரை ஆறு படிகளாக வகுத்துள்ளனர். சுழியத்தில் எல்லாப் பொறுப்பும் மனிதருடையது. 5ஆம் படியில், எச்சாலையிலும் எந்நிலையிலும் மனிதர் துணையே வேண்டுவதில்லை. அந்த 5ஆம் படியை எட்டிய ஊர்தி உலகில் இன்னும் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

தண்டவாளத்தின்மேல் இம்முயற்சி முன்னரே வெற்றி கண்டுவிட்டது. ஜப்பானின் கோபே நகரில் 1981இலும், பிரான்சின் லீல் நகரில் 1983இலும் ஓட்டுநர் இல்லாத தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், வடகிழக்கு வழித்தடம் 2003 ஜூன் மாதம் அவ்வகையிலேயே திறக்கப்பட்டது. இந்தியாவில் டில்லி மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் 28ஆம் நாள் இம்முறை தொடங்கியது. நம் சென்னையிலும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லா வண்டிகளே வாங்கப்பட்டன. 2025 மார்ச் மாதம் பூந்தமல்லியிலிருந்து அவற்றின் சோதனை ஓட்டம் நடந்தது.

ஆனால் தண்டவாளம் வேறு, தெரு வேறு. மெட்ரோவின் பாதையில் மாடு குறுக்கே வராது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020 முதல் பொதுமக்கள் ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்களில் செல்கின்றனர் என்றால், அந்நகரின் அகன்ற நேரான சாலைகளும் மழை குறைந்த வானிலையும் அதற்குத் துணைநின்றன. அக்காரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் விட்டால் என்னாகும்? பதினான்கு கிலோமீட்டர் முழுவதும் மக்கள் வெள்ளம். ஒருவர் கற்பூரம் ஏற்றத் திடீரென நிற்பார். ஒரு குழந்தை பாட்டியின் கையை உதறி ஓடும். அடியண்ணாமலை அருகே நாய் ஒன்று சாலையின் நடுவே உறங்கும். நம் ஓட்டுநர்கள் இவற்றையெல்லாம் ஒரு கண்ணசைவாலும் கையசைவாலும் சமாளிக்கிறார்கள். அக்கண்ணசைவின் பொருளை இயந்திரம் கற்றுக்கொள்வது எளிதன்று.

புதிய ஊர்தியைக் கண்டு மக்கள் அஞ்சியது இதுவே முதன்முறையுமன்று. இங்கிலாந்தில் 1865இல் இயற்றப்பட்ட சட்டம், சாலையில் செல்லும் இயந்திர வண்டிக்கு முன்னே ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி நடக்கவேண்டும் என்று விதித்தது. பின்னாளில், உயர்ந்த கட்டடங்களில் ஏறியிறங்கும் லிப்டுக்கும் இயக்குபவர் ஒருவர் இருந்தார். நியூயார்க் நகரில் 1945 செப்டம்பரில் அவ்வியக்குபவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நகரின் அலுவல்கள் நிலைகுலைந்தன. இன்றோ நாமே பொத்தானை அழுத்தி ஏறுகிறோம். நமக்கு இந்நம்பிக்கை வந்தது எவ்வாறு? உள்ளே அபாயப் பொத்தானும், மணியும், வெளியாரோடு பேசும் கருவியும் அமைந்த பிறகே அச்சம் படிப்படியாக நீங்கியது.

ஆகவே மக்களை நோக்கி, “அஞ்சாதீர்கள்” என்று உபதேசிப்பதால் பயனில்லை. அவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். அவற்றுக்கு விடை வேண்டும். நிறுத்துபவர் யார்? பதில் சொல்பவர் யார்? ஏறுபவர் யார்?

முதற் கேள்வியை எங்கள் ஊர்த் தேரைக் கொண்டு விளக்குவேன். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதம் மாட வீதிகளில் வரும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பர். இழுப்பவர்களில் ஒருவர்கூடத் தேரின் போக்கை ஆள்வதில்லை. சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கும் தொழிலாளர்களே அதனைத் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். அத்தனை பெரிய தேரின் அருகில் குழந்தையைத் தோளில் சுமந்து நாம் அச்சமின்றி நிற்பது எதனால்? முட்டுக்கட்டை போடுவோர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். தானியங்கும் ஊர்தியிலும் அவ்வாறே, நிறுத்தும் வழி பயணிக்கும் தெரியவேண்டும். தெருவில் நடப்பவருக்கும் தெரியவேண்டும்.

இரண்டாம் கேள்வி பொறுப்பைப் பற்றியது. 2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது மோதியது, அவர் உயிரிழந்தார். விபத்தை ஆராய்ந்த அரசு வாரியம் 2019இல் கூறியது சிந்திக்கத்தக்கது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அவரை உணர்ந்துவிட்டது. ஆனால் இஃது ஊர்தியா, மிதிவண்டியா, வேறு பொருளா என்று மாறி மாறிக் கணித்துக்கொண்டிருந்தது. நடப்போருக்கெனக் குறித்த இடம் தவிரப் பிற இடங்களிலும் மனிதர் சாலையைக் கடப்பர் என்பது அதற்குக் கற்பிக்கப்படவே இல்லை. கண்காணிக்க அமர்ந்திருந்த மனிதரும் சாலையைக் கவனிக்கவில்லை. குறித்த இடத்தில் மட்டுமே சாலையைக் கடப்பவர் நம் நாட்டில் எத்துணை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்விபத்துக்குக் கணக்கெழுதிய பொறியாளர் பொறுப்பா, நிறுவனம் பொறுப்பா, உள்ளே அமர்ந்தவர் பொறுப்பா? இறுதியில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் காரில் அமர்ந்திருந்த ஊழியர். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று மடிந்த கதையை நீங்கள் அறிவீர்கள். அமைச்சர்கள் கழுவாய் கூறினர். மனுநீதிச் சோழன் உடன்படவில்லை. அவன் மைந்தனுக்கு விதித்த தண்டனை இக்காலத்துக்கு ஏற்றதன்று. ஆயினும், வாயற்ற பசுவும் அடிக்கக்கூடிய மணி ஒன்று அரண்மனை வாயிலில் தொங்கியது என்பதே அக்கதையின் உயிர். புதிய ஊர்திகளுக்கும் அத்தகைய மணி ஒன்று வேண்டும். 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் குரூஸ் நிறுவனத்தின் கார், வேறொரு வண்டியால் தள்ளப்பட்டு விழுந்த பெண்மணியைச் சிறிது தூரம் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்ற செய்தியை அந்நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகக் கூறவில்லை. மாநில அரசு அதன் உரிமத்தை அம்மாதமே நிறுத்திவைத்தது. விபத்து கெடுத்த பெயரைவிட, மறைத்தது கெடுத்த பெயர் பெரிது. இத்தகைய நிகழ்ச்சிகள் மக்கள் மனத்தைத் தொடாமல் போவதில்லை. தானியங்கும் காரைக் கண்டு அஞ்சுவதாகக் கூறிய அமெரிக்கர்கள், அந்நாட்டு மோட்டார் வாகனச் சங்கத்தின் ஆய்வில், 2022இல் நூற்றுக்கு 55 பேர். 2023இல் 68 பேர்.

பிழைப்புப் பற்றிய கவலையும் உண்டு. ஓட்டுநர்கள் வேலை இழப்பர் என்று கூறி, ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2017லும் 2023லும் இவ்வூர்திகளுக்கு எதிராகப் பேசினார். அக்கவலை பெரிதே. மறுபுறம், 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தனர் என்னும் கணக்கையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. இயந்திரத்துக்கு உறக்கம் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. இரண்டையும் தராசில் இட்டுத்தான் தீர்ப்புக் கூறவேண்டும்.

இனி மூன்றாம் கேள்வி. ஏற்பதா, மறுப்பதா என்று வாதிடும் நம்மில் பெரும்பாலோர் இன்றே எந்த வண்டியிலும் ஏறக்கூடியவர்கள். ஏற இயலாதவர்களைக் கேட்டோமா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 2015இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், பார்வையிழந்த ஒருவர் கூகுள் நிறுவனத்தின் காரில், ஓட்டுநரும் துணையாளரும் இன்றித் தனியே நகரச் சாலையில் சென்றார். அக்காரில் திசைதிருப்பும் சக்கரமே இல்லை. பிறர் கையை எதிர்பாராது ஓரிடம் செல்வது நமக்கு அன்றாடச் செயல். அவருக்கோ அது மீண்டும் கிடைத்த உரிமை.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் வலுவிழந்தவர், கணக்கில் முதல்வர். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து பேருந்தில் வருவார். அதன் முதற்படி, தவழ்ந்து வருபவருக்கு ஒரு சுவர். தந்தையார் நாள்தோறும் தூக்கி ஏற்றுவார். இங்கே நடத்துநர் இறக்கிவிடுவார். தந்தைக்கு வயலில் வேலை மிகுந்த நாட்களில் வகுப்பில் அவருடைய இடம் வெறுமையாக இருக்கும். பள்ளி இறுதித் தேர்வில் நன்கு தேறினார். கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறவேண்டியிருந்தது. அவர் சேரவில்லை. அவரைத் தடுத்தது அறிவுக் குறைவன்று, வறுமைகூட அன்று, படியின் உயரமே.

இம்மாணவருக்கு ஓட்டுநர் இல்லாத பேருந்து உதவியிருக்குமா? அதே உயரப் படியோடு வந்திருந்தால் உதவியிராது. இறக்கிவிட்ட நடத்துநரின் கையும் இல்லாமற் போயிருக்கும். ஆதலின் ஊர்தி தானே ஓடுவது ஒன்று. மனிதர் தாமே ஏறுவது மற்றொன்று. பின்னதற்குத் தேவை சாய்தளமும், தாழ்ந்த தரையும், சக்கர நாற்காலியைப் பிணைக்கும் பட்டையும், நிறுத்தத்தின் பெயரைத் தமிழில் உரக்கச் சொல்லும் குரலும் ஆகும். கைப்பேசித் திரையைத் தொட்டால்தான் வண்டி வரும் என்றால், பார்வையற்றவரும் எழுத்தறியாத மூதாட்டியும் வாயிலிலேயே நிற்பர்.

இவற்றுக்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டுவதில்லை. தாழ்தளப் பேருந்தின் தரை நிலத்திலிருந்து 400 மில்லிமீட்டர் உயரமே. நிறுத்தத்தில் அது பக்கவாட்டில் சற்றுத் தாழ்ந்தும் கொடுக்கும். மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடிய பின்னரே, 2024 ஆகஸ்டில் அத்தகைய பேருந்துகள் சென்னையில் புதிதாக ஓடத் தொடங்கின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்தில் அணுகல் வசதியை அரசின் கடமையாக்கியது. அவ்வசதிக்குரிய விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாகவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் வந்துவிட்டது, படிதான் இன்னும் பல ஊர்களில் இறங்கிவரவில்லை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பர். சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர் இழுப்பர். ஊரின் ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வடம் உண்டு என்பதே அதன் கருத்தென நான் கொள்கிறேன். தானியங்கும் ஊர்தியைச் சோதிக்கும் நாள் நம் பகுதிக்கும் வரலாம். கல்லூரி வளாகம் போன்ற வேலியிட்ட இடத்தில், குறைந்த வேகத்தில், குறித்த வழியில் அது தொடங்குவதே முறை. அச்சோதனையைத் தேர்ந்து மதிப்பிடும் குழுவில் நடக்க இயலாதவரும், பார்வையற்றவரும், ஓட்டுநர் ஒருவரும் அமரவேண்டும். அவர்கள் சரியென்றால் ஊரார் நம்புவர்.

மாணவர்களே, அந்நாள்வரை நீங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. நாளை பேருந்து நிலையத்துக்குச் செல்லும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பேருந்து நிற்கும்போது, நடத்துநரிடம் கூறி, அதன் முதற்படி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறியுங்கள். சாய்தளம் உண்டா, நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் உண்டா என்றும் பாருங்கள். பத்துப் பேருந்துகளின் கணக்கை ஒழுங்காக எழுதி, உங்கள் ஆசிரியரின் ஒப்பத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பொறியாளர் வரைபடத்தை வரையும் முன் அறியவேண்டிய செய்தி அதுவே. உங்களில் ஒருவரே அப்பொறியாளராகவும் வரக்கூடும்.