கழிவு எண்ணெயும் கரவெட்டிக் கிணறுகளும்

வடமராட்சியின் கரவெட்டியிலே, நீரிறைக்கும் இயந்திரத்தில் மாற்றிய பழைய ஒயிலைக் கறையானுக்கு அஞ்சி மரத்தூண்களிற் பூசுவாருமுளர், வேலியோரத்தில் ஊற்றிவிடுவாருமுளர். பின்னதே நாம் பெரிதும் அஞ்சத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லாகும். அதன் வெடிப்புகளூடாக மழைநீர் விரைந்திறங்கிக் கிணறுகளைச் சேர்கின்றது. எண்ணெய்க்கும் அதுவே வழி.

சுன்னாகத்தில் நேர்ந்ததை நாம் அறிவோம். அங்கு அனல்மின் நிலையக் கழிவு எண்ணெயாற் கிணறுகள் மாசுற்றமை பற்றிய வழக்கில், மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமென 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விதி முன்னரே இருந்தது. 2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் கழிவு எண்ணெயைப் பட்டியலிடப்பட்ட கழிவாகக் கொள்கின்றன; அதனைச் சேகரிப்போரும் கொண்டுசெல்வோரும் மீளப் பயன்படுத்துவோரும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெறல்வேண்டும். ஆயின், ஒரு போத்தல் ஒயில் கழிக்கும் தோட்டக்காரரைத் தேடி எவ்வுரிமகாரர் வருவார்? விதியின் குறை இதுவெனவே நாம் கருதுகின்றோம்.

எனவே அவர் அதனைக் கசியாத கலனில் மூடிச் சேர்த்து, உரிமம் பெற்றோருக்குக் கழிவொயில் கொடுக்கும் வாகனத் திருத்தகமொன்றில் ஒப்படைத்தல் நன்று. நீரோ பெற்றோலோ அதிற் கலத்தலாகாது. கலப்பற்ற ஒயிலை நீரகற்றி, வெற்றிடத்தில் வடித்து, மீண்டும் ஒயிலாக்கலாம். கலப்புற்றதோ பெரும்பாலும் சூளைகளுக்கு எரிபொருளாகவே செல்லும்.