நீண்ட கால்கள் இருந்தாலே கொசுவா?

மழைக்காலத்தில் வகுப்பறைச் சுவரில் நீண்ட கால்களுடன் ஒரு பூச்சி அமர்ந்தால் போதும், "சார், பெரிய கொசு!" என்று மாணவர்கள் நோட்டை ஓங்கிவிடுவார்கள். டெங்கு விழிப்புணர்வு அவர்களைச் சென்றடைந்திருக்கிறது என்பது மகிழ்ச்சியே. ஆனால் எது கொசு என்று அடையாளம் காணும் பயிற்சியும் வேண்டும். இதற்கு நான் மூன்று பூச்சிக் குடும்பங்களை ஒப்பிட்டுக் கற்பிக்கிறேன்.

கொசு, கிரேன் ஈ, 'டைகாப்டெரிடே' குடும்ப ஈ ஆகிய மூன்றும் இருசிறகிகள் வரிசையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஓரிணை இறக்கைகளே உண்டு. பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் போன்ற சமநிலை உறுப்புகள் இருக்கும்.

கொசு: முன்னோக்கி நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. இறக்கை நரம்புகளின் மேல் நுண்செதில்கள் காணப்படும்.

கிரேன் ஈ: உறிஞ்சுகுழல் இல்லை, கடிக்காது. மார்பின் மேற்புறத்தில் 'வி' வடிவப் பள்ளம் தெரியும். பிடித்தால் கால்கள் எளிதில் கழன்றுவிடும். இறக்கையின் பின்பகுதியில் இரண்டு குத நரம்புகள் விளிம்பை எட்டும்.

டைகாப்டெரிடே: பார்வைக்குக் கிரேன் ஈ போலவே இருக்கும், இதுவும் கடிக்காது. ஆனால் ஒரே ஒரு குத நரம்புதான் விளிம்பை எட்டும். சமநிலை உறுப்பின் அடியில் மற்றொரு சிறு நீட்சி இருக்கும். இது இக்குடும்பத்துக்கே உரிய அடையாளம்.

வட அமெரிக்காவின் 'பிட்டகோமார்ஃபா கிளாவிபெஸ்' இக்குடும்பத்தில் புகழ்பெற்றது. அதன் கறுப்புக் கால்களில் வெள்ளைப் பட்டைகள் உண்டு. பாதப் பகுதி பருத்து, உள்ளே காற்றுக்குழல்கள் நிறைந்திருக்கும். கால்களை விரித்துக் காற்றில் மிதந்து செல்லும்போது வெள்ளைப் பட்டைகள் மட்டுமே நம் கண்ணில் படும். நிழலுக்குள் நுழைந்தால் மறைந்துவிடும். இதனால்தான் 'மாயக் கிரேன் ஈ' என்று பெயர்.

இதன் புழு, இலைகள் மக்கிய ஆழமற்ற நீரின் சேற்றில் வாழ்கிறது. வால்முனையிலுள்ள நீண்ட சுவாசக்குழலை நீர்ப்பரப்புக்கு நீட்டிச் சுவாசிக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்திலோ தலைப்பக்கமுள்ள இரு சுவாசக் கொம்புகளில் ஒன்று மட்டும் மிக நீளமாக வளர்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதற்கான தகவமைப்பு இது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் தகவமைப்பைக் கற்பிக்க நல்ல எடுத்துக்காட்டு.

வகுப்பில் செய்து பாருங்கள். சுவரில் அமர்ந்த பூச்சியைக் கண்ணாடித் தம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகுங்கள். கைலென்ஸ் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: உறிஞ்சுகுழல் உண்டா? இறக்கையில் செதில் உண்டா? மார்பில் பள்ளம் உண்டா? விடையைப் படமாக வரையச் சொல்லுங்கள். கிரேன் ஈ என்றால் வெளியே விட்டுவிடலாம்.

பிறகு மாணவர்களைத் தண்ணீர்த் தொட்டிக்கும் பழைய டயருக்கும் அழைத்துச் செல்லுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது அங்கேதான். சுவரில் ஓங்கும் கை, வாரம் ஒருமுறை அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவப் பழகட்டும்.