தானமாகக் கிடைக்காத பார்வை

பாமன்கடையில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வன்னி விவசாயி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சுவாமி, எங்கட நாடு வெளிநாடுகளுக்கெல்லாம் கண் அனுப்புதாம். எனக்கு ஒரு கண் எடுத்துத் தர ஏலாதோ?"

அவருக்குக் கிளக்கோமா எனும் கண் அழுத்த நோய். ஒரு கண் முற்றாகப் போய்விட்டது. மற்றதில் பக்கப் பார்வை குறைந்துவிட்டது. சொட்டு மருந்து விட்டும் பார்வை கூடவில்லை என்று மூன்று மாதமாக மருந்தையும் நிறுத்தியிருந்தார்.

அவர் கேள்விப்பட்டது உண்மை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண் தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண் அனுப்பியது. பின்னர் பல நாட்டவர் இலங்கையரின் கண்ணால் பார்வை பெற்றனர். ஆனால் இவ்வாறு பார்வைக்காகப் பொருத்தப்படுவது முழுக் கண் அன்று. முன்புறத்தில் கண்ணாடி போலிருக்கும் கருவிழிப்படலம் மட்டுமே.

கிளக்கோமா தாக்குவது பின்புறத்தை. விழித்திரையின் நரம்புக் கலங்களிலிருந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் இழைகள் புறப்பட்டு, ஒரே நரம்பாகத் திரண்டு மூளைக்குச் செல்கின்றன. கண்ணினுள் உள்ள திரவத்தின் அழுத்தம் இவ்விழைகளைச் சிதைக்கிறது. நாளடைவில் கலங்களும் மடிகின்றன.

மடிந்தவை மீண்டும் வளராவா? மீனுக்கும் தவளைக்கும் பார்வை நரம்பு வளர்கிறது. மனிதருக்கு வளர்வதில்லை. ஆயினும் 1980களில் கனடாவின் மொன்றியல் நகரில் அல்பேர்ட் அகுவாயோ குழுவினர், எலியின் கால் நரம்புத் துண்டொன்றை அறுந்த பார்வை நரம்பின் இடத்தில் பொருத்தினர். கண்ணின் இழைகள் அதனூடே வளர்ந்து மூளையை எட்டின. வித்தில் உயிர் இருந்தது. மண்தான் இடம் கொடுக்கவில்லை என்பது புலனாயிற்று. 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களைச் சுண்டெலியின் விழித்திரைக்குள் செலுத்தி, இழந்த பார்வையில் ஒரு பங்கை மீட்டனர். எனினும் இவை எவையும் இன்னும் வைத்தியசாலையில் நாம் பெறக்கூடிய சிகிச்சை அல்ல. நரம்புக் கலங்களை நேரடியாகக் காக்குமென நம்பப்பட்ட மெமன்டின் மருந்தும் நான்கு ஆண்டுச் சோதனையில் பயன் தரவில்லை என 2018இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே இன்று நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு ஒன்றே: அழுத்தத்தைக் குறைப்பது. சொட்டு மருந்தும், லேசரும், சத்திரசிகிச்சையும் அதைத்தான் செய்கின்றன. அவை போன பார்வையைத் தருவதில்லை, இருப்பதைக் காக்கின்றன. பயிரை வளர்ப்பது வேலி அன்று. அதற்காக வேலியைப் பிடுங்குவார் உண்டா?

இதைச் சொன்னபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம் மகளுடன் கண் வைத்தியசாலைக்குப் போனார். ஊரிலுள்ள தம்பியையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

நாம் செய்யவேண்டியவை:

1. இந்நோய் பெரும்பாலும் நோவின்றியே வரும். நாற்பது வயதைக் கடந்தோர் கண்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

2. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் காத்திருக்கலாகாது.

3. வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக்கூடாது.

4. செத்த நரம்பை உயிர்ப்பிப்போம் என்னும் விளம்பரங்களை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள்.